ஏழாவது குட்டியின் மஞ்சள் குறி

இன்று காலை படப்பை சாலையில் உமி ஏற்றிய லாரி ஒன்று என்னைக் கடந்து போனது. அந்த வாசனையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள்.

தண்டலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், பத்திரிகைக்குச் செய்தி எடுக்க நான் வந்தபோது, ஆராய்ச்சி எலிகளின் கூண்டுகளில் உமி பரப்பிக்கொண்டிருந்தீர்கள். 2010 வாக்கில் இருக்கும். ஒரகடத்தில் உங்கள் நிலத்தின்மேல் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது.

"இன்னா சார், மனுசன வுட்டுட்டு எலிய பேட்டி எடுக்க வந்துகீறீங்க?" என்றீர்கள்.

பால்குடி மறக்கும் குட்டிகள் சிலவற்றுக்கு உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகும் நரம்பை வெட்டியிருந்தார்கள். மற்றவற்றுக்குத் தோலைத் திறந்து தைத்ததோடு சரி. நரம்பு இல்லாமல் சுரப்பி வளருமா என்பதுதான் கேள்வி. தழும்பு எல்லாவற்றுக்கும் ஒன்றே. எதற்கு வெட்டியது, எதற்கு வெட்டாதது என்பதைச் சொன்னது, மூன்று நாளுக்கொரு முறை வெட்டியவற்றின் முடியில் நீங்கள் தடவிப் புதுப்பித்த மஞ்சள் குறி மட்டுமே.

நரம்பு வெட்டிய குட்டிகளின் சுரப்பிகள் சிறுத்தே இருந்தன. ஏழாவது குட்டிக்கு மட்டும் முழுதாக வளர்ந்திருந்தது. நீங்கள் குறியை மாற்றிவிட்டதாகப் பேராசிரியர் சொன்னார்.

"நான் மாத்தல சார். அறுத்த நரம்பு திரும்ப ஒட்டிக்கிச்சோ இன்னாவோ. பேப்பர்ல அதையும் ஒரு வரி போட்டுடுங்க. எனக்கு வேலை நிக்கும்."

எழுதினேன். இடம் போதவில்லை என்று நானே அதை எடுத்தும்விட்டேன். 'எல்லாச் சுரப்பிகளும் சிறுத்தன' என்று அச்சானது. கல்லூரி விசாரணையில் அந்தப் பத்திரிகையை மேசைமேல் வைத்து, "பத்திரிகைக்காரரே நம்பவில்லையே" என்று கேட்டார்களாம். உங்கள் வேலை போயிற்று.

அடுத்த ஆண்டு, சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில், தொழிற்சாலைக் காவலர் உடுப்பில் உங்களைப் பார்த்தேன். "தள்ளிக் குந்துங்க சார்" என்று சிரித்தீர்கள். குறி உண்மையிலேயே மாறவில்லையா என்று கேட்டேன்.

"மாத்தலன்னுதான் நெனச்சிகினு இருந்தேன். எல்லாரும் கேட்டுக் கேட்டு இப்ப எனக்கே டவுட்டா கீது."

அதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது. நீங்கள் இறந்துபோன பிறகு ஒரு கால்நடை மருத்துவரிடம் விசாரித்தேன். இளம் விலங்கில் வெட்டிய நரம்பு மறுபடி வளர்வதுண்டு என்றார். குறி மாறுவதும் உண்டு என்றார். தொடங்கிய இடத்திலேயே மறுபடி நிற்கிறேன்.

அந்தக் குறிப்பேடு இன்னும் என் பையில் இருக்கிறது. அச்சாகாத வரியும் அதில் அப்படியே இருக்கிறது: 'ஏழாவது குட்டிக்குச் சுரப்பி முழுதாக வளர்ந்திருந்தது. காரணம் தெரியவில்லை. குறி மாறவில்லை என்கிறார் பராமரிப்பவர்.'