எங்கள் வார்டு கதை டி.வி.யில்

ஜூலை 5, செவ்வாய்
புழுக்கம். சாயங்காலம் முழுக்க இரும்புலியூரில் கரண்ட் இல்லை. டி.வி. நேரத்துக்குச் சரியாகக் கரண்ட் வந்தது. எமர்ஜென்சி வார்டை வைத்து எடுக்கிற அந்தக் காமெடித் தொடர். பல்செட்டை விழுங்கிவிட்டதாக ஒரு பெரியவர் அலறுகிறார். எக்ஸ்ரே எடுத்த பிறகு பல்செட் சட்டைப் பையில்! போன மாதம் எங்கள் வார்டில் நடந்தது, அப்படியே. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 6
எங்கள் வார்டுக்கு வந்த பெரியவரின் மகன் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரே ரகளை. மேட்ரன் நர்ஸுகள் எல்லோரையும் கூப்பிட்டு, "யார் வாய்னு தெரிஞ்சா அன்னிக்கே சீட்டு கிழிஞ்சுடும்" என்றார். எனக்கு அட்டெண்டர் மணி மேல்தான் சந்தேகம். ஓட்டை வாய். ஜாடையாகக் கேட்டேன்.
"இன்னா சிஸ்டர், என் வூட்ல டி.வி.யே கெடையாது. நான் யாராண்ட போய் சொல்லப் போறேன்?"
டி.வி. இல்லாதவன் சொல்ல முடியாதா என்ன? நம்பவில்லை.

ஜூலை 9
வாங்க வேண்டியது: நீலம், ரவை, அவர் சட்டைக்குப் பொத்தான்.
இப்போதெல்லாம் சாப்பிடும்போது அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் வார்டு கதை கேட்கிறார். கல்யாணமான புதிதில்கூட இப்படிக் கேட்டதில்லை. சந்தோஷம்தான். ஆனால் அந்தத் தொடரை எழுதுகிறவர் இவருடைய ஆபீஸ் நாடகக் குழுவில் இருந்தவர். சே, புத்தி ஏன் இப்படிப் போகிறது.

ஜூலை 11
பொறுக்கவில்லை. அவரிடம் மட்டும் ஒரு பொய்க் கேஸைக் கட்டிச் சொன்னேன். ஸ்கூட்டரிலிருந்து விழுந்த ஜோசியர், ராகு காலம் முடிந்துதான் தையல் என்று அடம். விழுந்து விழுந்து சிரித்தார் மனுஷர்.

ஆகஸ்ட் 2, செவ்வாய்
தூறல். டி.வி.யில் ஜோசியர். ராகு காலத்தோடு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவரைக் கேட்டேன்.
"என் வேலை போச்சுன்னா?"
"உன் பேரையா போட்டாங்க? நீ சொல்ற மாதிரி அவனுக்கு எழுத வரலைம்மா."
மேட்ரன் காதுக்குப் போனால் தொலைந்தேன். நாளைக்கு மணி முகத்தில் எப்படி முழிப்பது?

ஆகஸ்ட் 16, செவ்வாய்
தொடர் வரவில்லை. அந்த நேரத்தில் வயலின் கச்சேரி. விளம்பரம் கொடுத்த பல்பொடிக் கம்பெனி விலகிவிட்டதாம், நிறுத்திவிட்டார்களாம். அப்பாடா. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கணும்.

ஆகஸ்ட் 25
மேட்ரன் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். இன்று நிஜக் கேஸ், முதல் தரமானது. கல்யாண மண்டபத்திலிருந்து நேராக மாப்பிள்ளை, மாலையும் கழுத்துமாக, காதுக்குள் அட்சதை. சாப்பிடும்போது நானாகவே ஆரம்பித்தேன். அவர் பேப்பரை விரித்தபடி "ம்" கொட்டினார். மாப்பிள்ளையைக் கட்டிலில் படுக்க வைத்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.
"மோர் ஊத்து" என்றார்.