ஏரிக்கரையில் ஒரு காயைப் புதைத்தார்கள், நைனா

எதைக் கண்டாலும் "அது ஏன் அப்படி?" என்று கேட்டு நின்று, ஷிப்டுக்குத் தாமதமாகவே போன என் நைனாவுக்கு,

உன் மகள் ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்துவிட்டாள். நம்பமாட்டாய். பெங்களூர்க் கல்லூரியில் சமூகவியல் படிக்கிற எங்களைப் பேராசிரியை பம்பாயில் கப்பலேற்றி, கென்யாவுக்கு அழைத்துப் போனார். அந்த நாடு விடுதலையாகி அதிக நாள் ஆகவில்லை. அங்கே ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள், எப்படிக் கல்யாணம் கட்டுகிறார்கள், செத்தவர்களை என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதிவர வேண்டும். கேள்வி கேட்பதற்கென்றே ஒரு படிப்பு. நீயல்லவா போயிருக்க வேண்டும்?

முதலில் உனக்குப் பிடித்த சங்கதி. அவர்களும் களிதான் தின்கிறார்கள். கேழ்வரகு இல்லை, மக்காச்சோள மாவு. உருட்டி, நடுவில் குழி பண்ணி, மீன் குழம்பை அள்ளிச் சாப்பிட்டேன். பேராசிரியைதான் கரண்டி கேட்டு எங்கள் மானத்தை வாங்கினார்.

விக்டோரியா ஏரிக்கரையில் லுவோ ஜனங்களின் ஊரில் தங்கினோம். எங்களுக்கு இடம் கொடுத்த அம்மாள் பெயர் அகின்யி. நாங்கள் அவளைக் கேட்டதைவிட அவள் எங்களைக் கேட்டதுதான் அதிகம். அங்கே செத்தவர்களை வீட்டு வாசலை ஒட்டியே புதைக்கிறார்கள். எனக்கு அப்பா இல்லை என்றதும், "உங்க அப்பா குழி வீட்டுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். ஊர்ப் பள்ளி ஆசிரியர்தான் எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

தங்கவயலில் பாறை வெடித்ததையும், நீ இருந்த சுரங்கவழியை அப்படியே மூடிவிட்டதையும், உடம்பு மேலே வராததையும் எப்படிச் சொல்வது? குழியே இல்லை என்று மட்டும் சொன்னேன்.

அம்மா கதையை உனக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? பெங்களூர் விவேக் நகருக்குக் குடிவந்த பிறகும் அவள் உனக்குக் காரியம் எதையும் செய்யவிடவில்லை. "கண்ணால பாக்கல. பாக்காத சாவுக்கு எப்பிடி அழுவறது?" என்பாள். யார் கதவைத் தட்டினாலும் நீதான் என்று ஓடுவாள். இப்படியே இவள் காலம் முழுக்க ஓடுவாளோ என்பதுதான் என் கவலையாக இருந்தது.

அகின்யி என் கையைப் பிடித்துப் பக்கத்து வீட்டுக்கு இழுத்துப் போனாள். அந்த வீட்டு மீனவரை ஏரி கொண்டுபோய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை. அதற்காக விட்டுவிட்டார்களா? மரத்தில் நீளமாகத் தொங்கும் ஒரு காயைப் பறித்து வந்தார்கள். பார்க்கச் சுரைக்காய், தூக்கினால் அம்மிக் குழவி. அதைப் பாயில் சுற்றி, மனுஷனை இறக்குவதுபோலவே குழியில் இறக்கினார்கள். காய்க்காக அழுகை வருமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவர்களுக்கு வந்தது. எனக்கும் வந்தது.

வீடு திரும்பி அம்மாவிடம் சொன்னேன், திட்டு விழும் என்ற பயத்தோடுதான். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் காய் இங்க கெடைக்குமா?" என்றாள்.

கிடைத்தது நைனா. நம் லால்பாக் தோட்டத்தில் அதே மரம் நிற்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்து கடலை தின்ற நாளில் எனக்கு என்ன தெரியும்? உதிர்ந்து கிடந்த காய்களை அம்மா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். இதைத் தின்னக்கூடாது என்று தோட்டக்காரர் கன்னடத்தில் எச்சரித்தார். எங்கள் வீட்டுக்காரருக்குத்தான் என்று அம்மாவும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். மனிதர் பாவம், ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

உன் வேட்டியில் சுற்றி இடுகாட்டுக்குக் கொண்டுபோனோம். குழி வெட்டியவர் இன்னும் கொஞ்சம் தோண்டட்டுமா என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். பிறகு குனிந்து உன்னிடம்தான் பேசினாள்.

"அவ்ளோ ஆழத்துல இருந்தது போதும். இங்க மூணடிதான். ஏறி வந்துடு."

அதற்குப் பிறகுதான் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வருவோம் நைனா. நீ கேள்விகளைச் சேர்த்து வை. எனக்குத் தெரியாததை விசாரித்துக்கொண்டு வந்தாவது சொல்வேன்.

உன் வாயைக் கொண்டு பிறந்த மகள்,
பாக்கியம்