பெரியாயி அத்தை வந்து போனார்

நமுனுகுல,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் விதுஷாவுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தம்பியும் சுகம், ஜோர்தானில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். கம்பெனி பிடித்து வைத்திருக்கும் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டு உங்கள் கார்மென்ட்ஸ் பிள்ளைகள் எழுதும் மனுவில் கையெழுத்துப் போடவா என்று கேட்டாய். வாயை மூடிக்கொண்டு இரு, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து சொன்னேன். அதற்குப் பிறகு உன் பெரியாயி அத்தை வந்து போனார், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் சொன்னால் அழுதுவிடுவேன்.

அப்பாவின் அக்காதான், பதினாறு வயதில் கப்பலேறி இந்தியா போனவர், இப்போதுதான் முதல் தரம் ஊருக்குத் திரும்பி வந்தார். கூடலூரில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டே கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து நாற்பது வருடமாகச் செங்கொடி பிடிக்கிறார், மூன்று தரம் ஜெயிலுக்கும் போயிருக்கிறார். பெரிய தலைவர் வருகிறார் என்று நம் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் தப்பு மேளம், மாலை, பொன்னாடையோடு ரோட்டில் நின்று வேன் வருமா என்று பார்த்தார்கள். இங்கே தலைவர்மார் அப்படித்தானே வருவார்கள். அத்தையோ தோட்டத்து பஸ்ஸில் இறங்கி, அந்தக் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து வந்து, பீலித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தார்! சொந்த அக்காவை அடையாளம் தெரியாமல் விட்ட அப்பாவுக்கு வந்த வெட்கத்தைப் பார்க்க வேண்டுமே.

மறுநாள் நான் கொழுந்து பறிக்கும் மலைக்கு என்னோடு வந்தார். பொம்பளைகள் ஒதுங்க ஒரு கக்கூஸ் இல்லையா என்று கேட்டார். பழகிப்போச்சுங்க என்றேன். "பழகிப்போச்சுன்னு சொல்லாதம்மா, நாங்க கேக்கலைன்னு சொல்லு" என்றார். கூடலூரில் அதைக் கேட்டுத்தான் முதல் தரம் பதினேழு நாள் கைக்குழந்தையோடு உள்ளே இருந்தாராம். பயமில்லையா என்றேன். "ஏன் இல்ல? நடுங்கிக்கிட்டேதான் மனுவுல கையெழுத்துப் போட்டேன்" என்றார். பெருமை பேசத் தெரியாத மனுஷி, எனக்கு அவரை அவ்வளவு பிடித்துவிட்டது.

அவர் திரும்பிப் போன அதே வாரம் நாங்கள் இருபத்திரண்டு பேர் கக்கூஸ் கேட்டு தோட்டத்து தொரைக்கு மனு எழுதினோம். யாரும் முதலில் கையெழுத்துப் போடாமல் பேனாவை அடுத்தவள் கையில் தள்ளினார்கள், கடைசியில் நான் போட்டேன். மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, முதல் பேர் யாருடையது என்று கணக்கப்பிள்ளை கத்தினார். பயந்துகொண்டேதான் கையைத் தூக்கினேன். பதில் இன்னும் வரவில்லை, என் வேலையை நிறுத்தினாலும் நிறுத்துவார்கள்.

அதனால் போடாதே என்று நான் சொன்னதை மறந்துவிடு. போடு என்று சொல்லவும் பெற்ற வயிறு விடவில்லை, நீயே யோசித்துச் செய். நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்கு ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. நூறு வயது நன்றாக இரு, மகளே. ஒன்றை மட்டும் மறக்காதே, உன்னைத் திருப்பி அனுப்பினால் தலையைக் குனிந்துகொண்டு வராதே, பதுளை பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன், உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்து ஆட்கள் பார்க்க உனக்கு முன்னால் நடப்பேன்.

உன் அம்மா,
ஜெயலெட்சுமி