வேருக்கு மேல் நாலு ரோஜா

இன்று காலை குழாயின் மூடியைத் திருகித் திறந்தேன். குப்பென்று வந்த நாற்றத்தில் குடித்த காபி தொண்டை வரை ஏறிவிட்டது. மோட்டார் எப்போது நின்றதோ தெரியவில்லை. தேங்கிய தண்ணீரில் புதினா வேரெல்லாம் பழுப்புக் கூழாகி, விரல் பட்டதும் வழுக்கியது. சீ என்று உதறிவிட்டு முதலில் உன்னைத்தான் திட்டினேன். செத்துப்போனவளைத் திட்டக் கூடாதுதான். ஆனால் உன் குழாய்களை என் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டுப் போனவள் நீதானே.

தென்காசியில் நீ குடியிருந்த வீட்டில், மாடியில் மண் தொட்டி வைத்தால் தளம் ஒழுகும் என்று வீட்டுக்காரர் தடுத்தார். மண்தானே கூடாது என்று நீ மண்ணே இல்லாமல் ஆரம்பித்தாய். வெள்ளை பிவிசி குழாயில் வரிசையாகத் துளை, துளைக்கு ஒரு பிளாஸ்டிக் வலைக்கிண்ணம், அதில் கீரை, புதினா, தக்காளி. மீன்தொட்டிக்குப் போடும் சின்ன மோட்டார் உரத் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஓட்டும். ஆபீசில் பக்கத்து மேஜைக்காரியான நான் சாயங்காலம் உன்னோடு மாடியேறுவேன். நான் கீரையைக் கிள்ளுவேன். நீ கிண்ணத்தைத் தூக்கி வேரைப் பார்ப்பாய். சொட்டச் சொட்ட அதை வெள்ளைத் தட்டில் வைத்து வாட்டர் கலரில் வரைவாய். சுந்தரபாண்டியபுரத்துக்குச் சூரியகாந்தி பார்க்கப் போன அன்றும் கூட்டம் பூவோடு போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நீ வரப்பில் குந்தி, யாரோ பிடுங்கிப் போட்ட செடியின் அடியைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

"எல்லாரும் மூஞ்சியத்தான் பாக்குதாங்க, ஏட்டி. காலை ஒருத்தரும் பாக்க மாட்டுக்காங்க" என்றாய்.

ஆபரேஷனுக்காக நீ திருநெல்வேலியில் படுத்திருந்தபோது குற்றாலத்தில் நல்ல சாரல். நான் உன்னோடு ஆஸ்பத்திரியில் இருந்ததால் மாடியைப் பார்த்துக்கொள்ள உன் அண்ணன் சாவி வாங்கிக்கொண்டார். மூலிகையைத் தழுவி வரும் அருவித் தண்ணீர் தங்கச்சி செடிக்கும் கிடைக்கட்டும் என்று கேன் கேனாகக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றியிருக்கிறார். ஆசையாகத்தான் செய்தார். ஆனால் சீசன் கூட்டத்தில் அருவிக்குக் கிட்டே போக முடியாமல், குளிப்பவர்களைத் தாண்டிக் கீழே ஓடிவந்த தண்ணீரை மொண்டிருக்கிறார். அத்தனை தலையில் தேய்த்த எண்ணெயும் ஷாம்புவும் சீயக்காயும் அழுக்கும் அந்தக் கேனில்தான் வந்தன. நாம் திரும்பி வந்து பார்த்தபோது தொட்டியில் எண்ணெய் ஆடை படர்ந்திருந்தது. அதில் யார் தலைமுடியோ மிதந்தது. ஒரு வேர் பாக்கியில்லை. எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது.

நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பிறகு அழுகல் வேரைக் கையால் அள்ளித் தட்டில் வைத்துவிட்டு, கலர் பெட்டியை எடுத்து வரச் சொன்னாய். அந்தப் பழுப்பை, கொழகொழப்பை, ஒட்டியிருந்த முடியைக் கூட விடாமல் வரைந்தாய். காய்ந்ததும் என்னிடம் கொடுத்தாய்.

"அண்ணன்ட்ட சொல்லிராத. ஆசையா கொண்டாந்து ஊத்திருக்கான்" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாய். அதற்கப்புறம் நீ ஒன்றும் வரையவில்லை. அடுத்த சாரலுக்கு நீ இல்லை.

மற்ற படங்களை உன் அண்ணன் எடுத்துப்போய், குற்றாலத்தில் தனக்குப் பங்குள்ள லாட்ஜில் மாட்டினார். வந்து பார் என்று கூப்பிட்டார், போனேன். ஒவ்வொரு வேருக்கு மேலும் நாலு ரோஜா, ஓரத்தில் ஒரு கிளி. விளம்பரப் பலகை எழுதுகிறவரை வைத்து, நீ வரைந்த தாளின் மேலேயே போட வைத்திருக்கிறார். வேர் மட்டும் இருந்தால் இழவு வீடு மாதிரி இருக்கிறதாம். படங்களுக்கு முன்னால் பிளாஸ்டிக் செடிகள், மோட்டாரில் கொட்டும் ஒரு குட்டி அருவி. அங்கே கொடுத்த டீயை நான் தொடவில்லை.

இன்று நான் குழாயைக் கழுவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து உன் அண்ணன் மாடியேறி வந்தார். கடைசிப் படம் என்னிடம் இருக்கிறதாமே, ரிசப்ஷனில் நடுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். நாற்றம் தாங்காமல் துண்டால் மூக்கைப் பொத்தியபடி கேட்டார். இதுவும் அந்த ரோஜாக்காரர் கைக்குப் போகப்போகிறது என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் கூடப் பிறந்தவர் கேட்கும்போது இல்லை என்று சொல்ல நான் யார்? எடுத்து வந்து காட்டினேன். உற்றுப் பார்த்தார். முடியைத் தூசி என்று நினைத்து நகத்தால் சுரண்டினார்.

"இது அவ வரைஞ்சதா இருக்காதும்மா. அவ கையில இப்படி அசிங்கம் வராது" என்று திருப்பிக் கொடுத்தார்.

உங்கள் தண்ணீர்தான் அண்ணாச்சி இது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் மனிதர் அங்கேயே இடிந்து உட்கார்ந்திருப்பார். சொல்லவில்லை. உன் தாட்சண்யத்தை நினைத்தால் எனக்கு இந்தக் குழாயை விட மோசமாகக் குமட்டுகிறது. நீ பாட்டுக்கு மன்னித்துவிட்டுப் போய்விட்டாய். இருந்து விழுங்குகிறவள் நான்.

படியில் பாதி இறங்கியவர் திரும்பி நின்றார். கண் கலங்கியிருந்தது.

"செடியெல்லாம் போச்சே. சாரல் தொடங்கிட்டுல்லா, நாளைக்கு ரெண்டு கேன் அருவித் தண்ணி கொண்டாந்து ஊத்திருதேன். அவ செடிக்கும் ஊத்துனேம்மா. ஒரு கொறை சொல்லல அவ."

குழாய்த் தண்ணியே போதும் அண்ணாச்சி என்று சொல்லி அனுப்பினேன். படத்தை அடுக்களையில், நான் சாப்பிட உட்காரும் இடத்துக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். எத்தனை தரம் சோப்புப் போட்டும் கையை விட்டு நாற்றம் போகவில்லை. நீ அடித்துச் சத்தியம் வாங்கினாயே, அந்தக் கைதான். அதைக் கொண்டுதான் இப்போது சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறேன்.