எந்தப் பக்கம்

ஆடி மாதம், செவ்வாய் இரவு.

மகளைத் திருத்தணியில் மனநல டாக்டரிடம் காட்டினோம். குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநோய் உண்டா என்று கேட்டார்.

"எங்க பக்கம் யாருமில்லீங்க. இவ அம்மாதான் தனியா பேசிக்கினு இருந்தாங்க," என்று என்னைக் காட்டினார் என் கணவர்.

நோய்களின் பெயர் வேறானாலும் பரம்பரைக் காரணம் பொதுவாக இருக்கலாம், ஓயாத சந்தேகக் குணம்கூட அதில் சேரலாம் என்றார் டாக்டர்.

"எங்கம்மா உங்க நைனாவோட தங்கச்சிதானே, பாவா?" என்று கணவரிடம் கேட்டேன்.

எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகை வரும்வரை அவர் பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவருடைய நைனா, என் மாமனார், இருந்தவரை யாரையும் நம்பியதில்லை. படுத்த பிறகும் எழுந்து எழுந்து தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பார். உஷாரான மனுஷர் என்று எல்லோரும் சொன்னோம்.

மகள் தூங்கிவிட்டாள். வாசலில் மறுபடியும் தாழ்ப்பாள் சத்தம். பாவாதான்.