எண்ணத் தெரிந்த மெஷின்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். முட்டிவலி மாத்திரையை விழுங்குகிறாயா, டப்பாவில் அடுக்கி அழகு பார்க்கிறாயா? அப்பாவிடம் விசாரிப்பேன்.

பயப்படாமல் படி. எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பெரிய மெஷின் ஒன்று வந்திருக்கிறது. எட்டுப் பேர் வேலையை அதுவே பார்த்துவிடும். மூன்று பேரைக் குறைப்பார்கள் என்று பேச்சு. என் விசாவும் அடுத்த மாதம் முடிகிறது. போன வாரம் போனில் என் குரல் கம்மியதற்குக் காரணம் அதுதான். சளி என்று சொன்னது பொய்.

செவ்வாய்க்கிழமை, ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஒரு பெண்ணுக்கு, ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் படுமோசமாகக் குறைந்திருக்கின்றன என்றது மெஷின். ஆபரேஷனைத் தள்ளிப்போட இருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. முந்தின வாரம் நன்றாகத்தானே இருந்தது? ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பந்திக்கு முந்தும் கூட்டம்போலப் பிளேட்லெட்டெல்லாம் ஒட்டிக்கொண்டு நின்றன. அந்தக் கும்பலை மெஷின் கணக்கிலேயே சேர்க்கவில்லை! குழாயில் இருக்கும் மருந்து சிலருக்கு இப்படி ஒட்டவைத்துவிடும்; வேறு மருந்து போட்ட குழாயில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரி. ஆபரேஷன் அன்றைக்கே நடந்தது.

மறுநாள் எங்கள் மேலதிகாரியம்மா என்னைக் கூப்பிட்டார். "மெஷினுக்கு எண்ணத்தான் தெரியும், சந்தேகப்படத் தெரியாது. நீ இரும்மா. விசா பேப்பரைக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்" என்றார்.

இன்னும் மூன்று வருஷம் இங்கேதான். சந்தோஷம்தான் அம்மா.

நான் கூப்பிடும்போது மிக்ஸியை நிறுத்திவிட்டு வராதே, ஓடட்டும்; நம் வீட்டுச் சத்தம் காதில் விழட்டும். நீ போர்த்திய பழைய போர்வை ஒன்றை அனுப்பு. புதுசு வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்