இடது கன்னத்து எரிச்சல்

அக்டோபர் 14, செவ்வாய்

விடிந்ததில் இருந்தே மழை மூட்டம். துவைத்தது ஒன்றும் காயவில்லை.

இன்று அவருக்குச் சவரம். வெந்நீர்த் துண்டு, சோப்பு நுரை, பிறகு ரேசர். பிளேடு பழையது, இழுக்கிறது. பக்கவாதம் வந்ததில் இருந்து வலது கன்னம் தொங்கிக் கிடக்கிறது. தோலை இழுத்துப் பிடித்தால்தான் வழிக்க முடியும். கடைசியில் அவருடைய ஆஃப்டர்ஷேவ் லோஷன். வலது கன்னத்தில் தடவினேன். ஒன்றுமில்லை. இடது கன்னத்தில் தடவியதும் கண்ணைச் சுருக்கித் தலையை விலக்கினார்.

"எரியுதா?"

பேச்சு போய் மாதங்கள் ஆகின்றன. ஆனாலும் அந்தச் சுருக்கம் ஒரு பதில்தானே.

அமரவிளை ரோட்டில் டயர் கடை வைத்திருந்தவர். லாரிக்காரர்களிடம் தமிழிலும் மலையாளத்திலும் பகல் முழுக்கக் கத்திவிட்டு, வீட்டுக்கு வந்தும் ஓயமாட்டார். கொஞ்சம் சும்மா இருங்க என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இப்போது வீட்டில் சத்தம் என்றால் குக்கர் விசில்தான்.

வாங்க: புது பிளேடு, டயப்பர், சீரகம், ரஸ்க்.

அக்டோபர் 16, வியாழன்

மழை விட்டு விட்டு. மறுபடியும் சவரம். ஒருநாள் விட்டு ஒருநாள் வழிக்கிற அளவுக்குத் தாடி வளரவில்லை. எனக்கே தெரியும்.

இடது கன்னம். கண் சுருங்கியது.

மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு ஓமனா கோழியை விரட்டும் சத்தம். "எடீ, நீ எங்ஙோட்டாடீ போணே?" எங்கே போகிறாய் என்று கேட்க, கோழியிடமாவது அவளுக்குப் பேச்சு. பொறாமையாக இருந்தது.

சாயங்காலம் அயர்லாந்தில் இருந்து வின்சி வீடியோவில் வந்தாள். போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். "அப்பா, நான் வின்சியாக்கும்" என்றாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அப்பாக்க கன்னம் ஏன் இப்பிடிச் செவந்து கெடக்கு?"

"வெளிச்சம் அப்பிடி மக்கா."

அதற்குள் லைன் போய்விட்டது. மகளிடம் பொய். எதற்கு?

அக்டோபர் 19, ஞாயிறு

வெயில்! துணி காய்ந்தது. சபையில் இருந்து பெண்கள் வந்து ஜெபம் பண்ணினார்கள். எல்லோரும் அவரிடம் உரக்கப் பேசுகிறார்கள், செவிடரிடம் பேசுவதுபோல. என்னிடம் "சாப்பிட்டாச்சா?" மட்டும். சாப்பிட்டேன் என்றேன். தேங்காய் சாதம், நேற்றையது.

இரண்டு கன்னத்திலும் பொரிப்பொரியாக வந்திருக்கிறது. வலது கன்னத்துக்கு எரிச்சல் தெரியாது, சிவக்க மட்டும் தெரிகிறது.

அக்டோபர் 21, செவ்வாய்

பஞ்சாயத்தில் இருந்து, படுக்கையில் கிடப்பவர்களை வீடு வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் ஷைனி வந்தாள். மூத்திரக் குழாய் மாற்றினாள், முதுகைப் பார்த்தாள், புண் இல்லை, நல்லா பார்த்துக்கிறீங்க என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"இது என்னதாம்மா?"

லோஷன் குப்பியைக் காட்டினேன். முகர்ந்து பார்த்தாள்.

"முழுக்க ஸ்பிரிட்டும் வாசனையும் ஆக்கும். ஷேவ் செய்யும்போ கண்ணுக்குத் தெரியாத கீறல் நெறைய விழும். அதுக்குள்ள இது எறங்கும். வயசான தோலு, உள்ள கொஞ்சம் எண்ணெயையும் ஸ்பிரிட்டு எடுத்துரும். வாசனை வேற சிலருக்குச் சேராது. இனி இது போடாண்டாம்."

"காலம்பூரா போட்டவருதானே. அப்பவும் எரியத்தானே செய்யும்? எதுக்கு எரியுது?"

அவளுக்கு நேரம் இல்லை, இன்னும் வீடுகள் உண்டு. இருந்தும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "தோலுக்குள்ள சூடு அறியிற நரம்பு உண்டும்மா. சாதாரணமா தீ பட்டாத்தான் அது விளிச்சுக் கூவும். ஸ்பிரிட் பட்டா அதுக்கு ஏமாத்தம். நம்ம உடம்புக்க சூட்டையே தீன்னு நெனைச்சு விளிக்கும்."

"அப்போ தீ இல்லை?"

"இல்லை. சொந்தச் சூடு."

அவளிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் அசைவது அந்த எரிச்சலுக்கு மட்டும்தான், அதனால்தான் அடிக்கடி வழித்தேன் என்று. ஷைனி திட்டவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். "நான் அடுத்த வாரம் வாறேன்" என்று சொல்லிப் போனாள்.

என்னை ஒருவர் தொட்டு எவ்வளவு நாளாயிற்று.

அக்டோபர் 23, வியாழன்

சவரம் இல்லை. குளிர்ந்த நீரில் துடைத்து, ஷைனி தந்த வாசனையில்லாத களிம்பு. சிவப்பு அடங்கி வருகிறது. நல்லது.

முகத்தில் ஓர் அசைவும் இல்லை. இன்று அவரிடம் என்னவெல்லாமோ சொன்னேன். மழை, ஓமனாவின் கோழி, சீரகம் வாங்க மறந்தது. சுவரிடம் சொன்ன மாதிரி. மத்தியானம் சமையலறைக்குப் போய்க் காரணமில்லாமல் பாத்திரங்களைக் கழுவினேன், கழுவியதையே.

அக்டோபர் 25, சனி

மழை இல்லை, புழுக்கம். பொழியூர்க்காரி மீன் கொண்டுவந்தாள். "கடலு இந்தத் தடவையும் கரையை எடுத்துட்டுப் போவுது அம்மா, நாங்க எங்க போவ?" என்றபடியே பாரை மீனை எடைபோட்டாள்.

ஆய்ந்துகொண்டிருக்கும்போது வால் பக்கத்துச் செதில் முள் விரலில் ஏறியது. நல்ல ரத்தம். வீட்டில் காயத்துக்குப் போட மருந்து எதுவும் இல்லை. அவர் கட்டில் பக்கத்து அலமாரியில் லோஷன். ஸ்பிரிட்தானே என்று ஊற்றினேன்.

அம்மா. என்ன எரிச்சல். தீயேதான். சொந்தச் சூடு என்று அறிந்தும் ஒரு பயனும் இல்லை. விரலை உதறிக்கொண்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. விரலுக்காக என்று ஆரம்பித்து எங்கெல்லாமோ போனது. அவர் விழுந்த அன்றுகூட இப்படி அழவில்லை.

இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். முதலில் தற்செயல் என்று நினைத்தேன். பிடித்து இழுத்தார். விரலை வாய்ப்பக்கம் கொண்டுபோனார். உதடு ஒரு பக்கம் மட்டும் குவிந்தது.

ஊதினார். காற்று பாதி கோணலாக என் சேலையில் போயிற்று. மறுபடியும் ஊதினார்.

"போதும், மாறிப்போச்சு" என்றேன். எரிச்சல் மாறவில்லை. அவர் கையை விடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தார்.

பாரை பாதி ஆய்ந்தபடியே முற்றத்தில் கிடந்தது. பூனை கொண்டுபோயிருக்கும். நான் எழுந்து போகவில்லை.